சாகஸ் டெஸ்ட் பாசிட்டிவ்: வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் வந்திருக்குமா?

கேள்வி

"எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம் திருமங்கலம். சில வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு இப்போது பார்சிலோனாவில் வேலை பார்க்கிறேன். மனைவி பொலிவியா நாட்டுக்காரர். கொச்சபம்பா அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, 12 வயதில் நகரத்துக்கு வந்தவர். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு 'சாகஸ் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. முதல் டெஸ்டில் 9.2 என்று ஓர் எண். 1-க்கு மேல் போனால் பாசிட்டிவாம். வேறு முறையில் செய்த எலைசாவும் பாசிட்டிவ். ஆனால் பிசிஆர் நெகட்டிவ். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கிருமி இல்லை, ஆன்டிபாடி மட்டும் இருக்கிறது என்றால் நல்ல செய்திதானே? குழந்தைக்கு வந்திருக்குமா? இப்போதே மருந்து ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்? நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? என் கொழுந்தியாளுக்கு ஒரு டெஸ்டில் 1.1, இன்னொன்றில் நெகட்டிவ். அதை எப்படி எடுத்துக்கொள்வது? மூத்த பெண்ணுக்கு 4 வயது, ஜெர்மனியில் பிறந்தவள், நன்றாக இருக்கிறாள். மாமனாருக்கு 50 வயதிலேயே பேஸ்மேக்கர் வைத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனதும் ஊருக்கு வந்து குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தி, சில மாதம் தங்கலாம் என்றிருந்தோம். அம்மாவோ, 'பூச்சி நோய் என்கிறாயே, இங்கே வீட்டில் பரவிவிடாதா?' என்று பயப்படுகிறார். மனைவி ராத்திரியெல்லாம் அழுகிறார்."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது. முதலில் அதற்கு வாழ்த்துகள். உங்கள் மனைவி அழுதுகொண்டிருக்கும்போது சுற்றி வளைப்பது சரியில்லை. அதனால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் மனைவிக்கு சாகஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று இருக்கிறது. பிசிஆர் நெகட்டிவாக வந்ததால் அது இல்லை என்றாகிவிடாது. ஆனால் இன்றைக்கே ஏதோ நடந்துவிடும் என்கிற அவசரமும் இல்லை. இப்படித் தொற்று உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான் ஒட்டுண்ணி போய்ச் சேர்கிறது. மற்றவர்களுக்குப் போவதில்லை. அப்படிப் போன குழந்தைக்கும் முதல் வயதுக்குள் மருந்து கொடுத்துவிட்டால் அநேகமாக முழுதாகக் குணமாகிவிடும். இதை இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூத்த பெண்ணுக்கு 4 வயது, நன்றாக இருக்கிறாள் என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அவளுக்கு இந்த வாரமே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆன்டிபாடி இருந்தால் நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கோவிட் காலத்திலிருந்து நம் ஆட்கள் எல்லோருக்கும் ஆன்டிபாடி என்றால் பாதுகாப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு ஆன்டிபாடி வந்திருந்தால் டாக்டரே சந்தோஷப்படுவார். தட்டம்மை வந்து போனவருக்கும் அப்படித்தான். ஆனால் எல்லா நோயிலும் அது அந்த அர்த்தத்தில் வருவதில்லை. எச்ஐவி பரிசோதனையிலும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறோம். அங்கே பாசிட்டிவ் என்றால் வைரஸ் உள்ளே இருக்கிறது என்று பொருள். சாகஸ் பரவும் விதம் முற்றிலும் வேறு. ஆனால் டெஸ்டைப் படிக்கிற விஷயத்தில் அது இந்த இரண்டாவது வகை. சிகிச்சை எடுக்காத ஒருவருக்கு சாகஸ் ஆன்டிபாடி உறுதியாக இருந்தால், ஒட்டுண்ணி இன்னும் உடம்பில் உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் அப்படி? நோய்க்குக் காரணம் ட்ரிபனோசோமா குரூசி என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பொலிவியாவில் அதைச் சுமப்பது வின்சூக்கா என்று அவர்கள் சொல்லும் பூச்சி. உங்கள் மனைவிக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். மண்சுவர் விரிசலிலும் கூரை இடுக்கிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் தூங்குகிறவர் முகத்திலோ கையிலோ ரத்தம் குடிக்கும். ஒட்டுண்ணி கடியில் இல்லை. குடித்துக்கொண்டே பூச்சி அங்கேயே கழிக்கும் எச்சத்தில் இருக்கிறது. அரிக்கிறதே என்று தூக்கத்தில் சொறிந்தால் காயத்தின் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போய்விடும். அவர் கிராமத்தில் இருந்த அந்த 12 வருடத்தில் எப்போதோ இது நடந்திருக்கலாம்.

முதல் ஒன்றிரண்டு மாதம் ஒட்டுண்ணி ரத்தத்தில் ஏராளமாக நீந்தும். அந்தச் சமயத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே பார்த்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்போது ஒரு காய்ச்சலோடு போய்விடும், சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது. முதலில் ஐஜிஎம் என்ற வகை, அடுத்து நெடுநாள் நிற்கும் ஐஜிஜி என்ற வகை. இந்த ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் ஆல்ஃபா-கேல் என்றொரு சர்க்கரை அமைப்பு உண்டு. மனிதச் செல்களில் அது கிடையாது. அதனால் அந்நியன் என்று உடம்பு உடனே கண்டுகொண்டு பலமாகத் தாக்குகிறது. ரத்தத்தில் நீந்துகிறவை மளமளவென்று குறைந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு பங்கு, இதயத் தசைச் செல்களுக்குள்ளும் குடல் தசைக்குள்ளும் புகுந்து, வாலைச் சுருக்கி உருண்டையாகி, அங்கேயே பெருக ஆரம்பித்திருக்கும். செல்லுக்குள் ஆன்டிபாடி நுழைய முடியாது. இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட இதே நிலை நீடிக்கும். அவ்வப்போது ஒரு செல் உடைந்து சில ஒட்டுண்ணிகள் வெளியே வரும்போதெல்லாம் உடம்பு மீண்டும் விழித்துக்கொண்டு ஐஜிஜி தயாரிக்கும்.

உங்கள் மனைவியின் மூன்று ரிப்போர்ட்டையும் இதை வைத்துப் படியுங்கள். ஐஜிஜி இரண்டு முறையிலும் பாசிட்டிவ், அதுவும் உயர்ந்த அளவில். பிசிஆர் என்பது, எடுத்த சில மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏ சிக்குகிறதா என்று பார்ப்பது. நாள்பட்ட நிலையில் ரத்தத்தில் ஒட்டுண்ணி அபூர்வம். இன்று சிக்கும், நாளை சிக்காது. அதனால்தான் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் நம்புகிறோம், நெகட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் தள்ளுவதில்லை. ஒன்றே ஒன்று, பிசிஆர் நெகட்டிவாக இருக்கும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு, பாசிட்டிவாக இருப்பவரைவிடக் குறைவு. அந்த அளவுக்கு உங்களுக்கு அது நல்ல செய்திதான்.

9.2 என்ற எண்ணைப் பார்த்து, நோய் ஒன்பது மடங்கு முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண் சொல்வது ஒன்றுதான்: இந்த ரத்தத்தில் ஆன்டிபாடி ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. இதயம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பெரெனிசி என்ற பெண்ணைப் பற்றி உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். 1909 ஏப்ரலில் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், லசான்சி என்ற சிற்றூரில், கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் இந்த ஒட்டுண்ணியை முதன்முதலாக ஒரு மனித ரத்தத்தில் கண்டார். அது காய்ச்சலோடு இருந்த 2 வயதுப் பெரெனிசியின் ரத்தம். அந்தக் குழந்தை வளர்ந்து, 70 வயதைக் கடந்து வாழ்ந்தார். 1962-லும் 1978-லும் அவர் ரத்தத்திலிருந்து அதே ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 70 வருடம் அது உள்ளேயே இருந்தும் இதய நோய் அவரைத் தொடவில்லை. ஒட்டுண்ணி தானாகப் போய்விடாது என்பதற்கும், பாசிட்டிவ் என்றாலே ஆயுள் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. தொற்று உள்ள 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் பிற்காலத்தில் இதயமோ உணவுக்குழாயோ பெருங்குடலோ பாதிக்கப்படுகிறது.

இரண்டு டெஸ்ட் ஏன் என்பதைச் சொன்னால்தான் உங்கள் கொழுந்தியாள் விஷயம் புரியும். எலைசா தட்டில் 96 சின்னக் குழிகள் இருக்கும். குழியின் அடியில் ஒட்டுண்ணியின் புரதங்களை முன்கூட்டியே ஒட்டவைத்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, அதில் விட்டு, கொஞ்ச நேரம் வைத்து, கழுவுவோம். ஆன்டிபாடி இருந்தால் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் கழுவலோடு போய்விடும். அடுத்து, மனித ஐஜிஜியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, கூடவே ஒரு நொதி. கடைசியில் விடும் திரவம் நிறம் மாறினால் பாசிட்டிவ். எவ்வளவு நிறம் என்பதைக் கருவி அளந்து, ஓர் எல்லைக்கோட்டால் வகுத்து எண்ணாகத் தருகிறது. உங்கள் மனைவியின் முதல் டெஸ்ட் நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கும் வகையாக இருக்கும். தத்துவம் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், குழியில் ஒட்டியிருக்கும் புரதம் எது என்பதில். சில கிட்களில் ஒட்டுண்ணியை முழுதாக நொறுக்கி அந்தச் சாற்றை ஒட்டியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான புரதங்கள் இருப்பதால் எந்த ஆன்டிபாடியும் எளிதில் தப்பாது. ஆனால் லீஷ்மேனியா போன்ற ஒட்டுண்ணிக்கு எதிராக உண்டான ஆன்டிபாடியும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். வேறு கிட்களில் தேர்ந்தெடுத்த சில புரதங்களை மட்டும் ஆய்வகத்தில் தயாரித்து ஒட்டியிருப்பார்கள். இதில் தவறான பாசிட்டிவ் குறைவு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட புரதங்களுக்கு ஆன்டிபாடி இல்லாத நோயாளி நழுவிவிடலாம். ஒட்டுண்ணியில் வட்டாரத்துக்கு வட்டாரம் வகை மாறுகிறது. தென் அமெரிக்க நோயாளிகளிடம் நன்றாக வேலை செய்யும் சில கிட்கள் மெக்சிகோக்காரர்களிடம் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. எல்லாரிடமும் எல்லா இடத்திலும் தவறாமல் பிடிக்கும் ஒரே டெஸ்ட் சாகஸுக்கு இதுவரை வரவில்லை. 1913-இல் குவெரெய்ரோவும் மச்சாதோவும் பிரேசிலில் முதல் ஆன்டிபாடி டெஸ்டைச் செய்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இதுதான் நிலை. அதனால்தான் வெவ்வேறு புரதமோ வெவ்வேறு முறையோ கொண்ட இரண்டு டெஸ்ட்களும் ஒத்துப்போக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதி வைத்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது டெஸ்ட்.

உங்கள் கொழுந்தியாள் நிற்பது அந்த இடத்தில். 1.1 என்பது எல்லைக்கோட்டை ஒட்டிய எண். இரண்டாவது நெகட்டிவ். இதை வைத்து அவருக்கு நோய் உண்டு என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இம்யூனோஃப்ளூரசன்ஸ் அல்லது வெஸ்டர்ன் பிளாட் போன்ற வேறு முறையில் மூன்றாவது டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதுவும் தெளிவாக இல்லையென்றால் சில மாதம் கழித்துப் புதிதாக ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்க்கலாம். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அமேசான் பக்கத்துத் தாழ்நிலத்தில் எப்போதாவது இருந்தாரா, தோலில் மாதக்கணக்கில் ஆறாத புண் ஏதாவது வந்ததா? வந்திருந்தால் அது தோல் லீஷ்மேனியாவாக இருந்திருக்கலாம், இந்த 1.1 அதன் எதிரொலியாக இருக்கலாம். அந்தத் தகவலை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் தாளில் அது இருக்காது.

நீங்கள் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? வேண்டாம். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒரே படுக்கையில் தூங்கினாலோ இது ஒட்டாது. கணவன் என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் பரிசோதிக்கச் சொல்வதில்லை. வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கணக்குக்காக, தொற்று இல்லாத 100 பேரில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டெஸ்ட்தான். இதைத் திருமங்கலத்தில் பிறந்து வளர்ந்த 1000 பேருக்குச் செய்தால் 10 பேர் பாசிட்டிவ் வருவார்கள், பத்தும் பொய். இதே டெஸ்டை, 1000-க்கு 200 பேருக்குத் தொற்று உள்ள ஒரு பொலிவியக் கிராமத்தில் செய்தால், 200 பேர் உண்மையாகவும் மீதி 800 பேரில் 8 பேர் மட்டும் பொய்யாகவும் வருவார்கள். கருவி, கிட் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அதே பாசிட்டிவ் ஓர் ஊரில் நம்பத்தக்கது, இன்னோர் ஊரில் வெறும் தலைவலி. ரத்தப் பரிசோதனையைப் படிக்கும்போது, யாருடைய ரத்தம், அவர் எங்கே வளர்ந்தார் என்ற கேள்வி எண்ணுக்கு முன்னால் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெறுமனே 'பாசிட்டிவ்' என்று ஒரு சொல்லை அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்புவது, அதுவும் கர்ப்பிணியிடம், நல்ல பழக்கமே இல்லை.

சரி, குழந்தைக்கு வருவோம். இங்கேதான் பல பெற்றோர் தேவையில்லாமல் நொறுங்கிப்போகிறார்கள்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பதுதான், குழந்தையின் முதல் மாதங்களுக்கான காவல் அது. உங்கள் மனைவியின் சாகஸ் ஐஜிஜியும் கூடவே போகும். ஆகவே, பிறந்த அன்றைக்கு உங்கள் குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் செய்தால் பாசிட்டிவ் வரும். நிச்சயமாக வரும். தொற்று இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். அது அம்மாவின் ஆன்டிபாடி. பயணத்துக்கு அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி; இருக்கிற வரை இருக்கும், பிறகு தீர்ந்துவிடும். குழந்தைக்குத் தொற்று இல்லையென்றால், 8 முதல் 10 மாதத்துக்குள் சாகஸ் ஐஜிஜி முழுதும் மறைந்து டெஸ்ட் நெகட்டிவ் ஆகும். தொற்று இருந்தால் குழந்தையின் உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும், அதனால் மறையாது.

ஆகவே குழந்தைக்கு முதலில் செய்யும் டெஸ்ட் ஆன்டிபாடி இல்லை, ஒட்டுண்ணியையே நேரில் தேடுவது. தொப்புள்கொடியிலிருந்தோ குதிகாலில் குத்தியோ கொஞ்சம் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் எடுத்து, வேகமாகச் சுற்றும் கருவியில் வைத்துச் சுழற்றுவார்கள். சிவப்பணு கீழே போய் இறுகும், தெளிந்த பிளாஸ்மா மேலே நிற்கும், இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு தெரியும். குழாயை அப்படியே மைக்ராஸ்கோப்பின் கீழே கிடத்தி அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி உயிரோடு இருந்தால் கோட்டின் ஓரத்தில் துடிதுடிப்பது தெரியும். சாயம் எதுவும் வேண்டாம், அசைவே காட்டிக்கொடுத்துவிடும். பொறுமையும் பழகிய கண்ணும் வேண்டும், அவ்வளவுதான். தொற்றிய குழந்தையின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைய இருக்கும் என்பதால் இந்த எளிய முறை உதவுகிறது. ஆனாலும் பிறந்தவுடன் பார்க்கும்போது சில குழந்தைகளிடம் தவறிப்போகும். அதனால் ஒரு மாத வாக்கில் பிசிஆரோடு சேர்த்துத் திரும்பப் பார்ப்பார்கள். அம்மாவிடம் நம்ப முடியாத நெகட்டிவ் பிசிஆர் குழந்தையிடம் மதிப்புள்ளதாகிறது, காரணம் ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியின் எண்ணிக்கைதான்.

இந்த இரண்டும் நெகட்டிவ் வந்த பிறகும் கதை முடியவில்லை. கடைசி வார்த்தை 9, 10 மாதத்தில் செய்யும் ஆன்டிபாடி டெஸ்ட். அது நெகட்டிவ் என்றால் குழந்தைக்கு சாகஸ் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். வருத்தம் என்னவென்றால், குழந்தை கொழுகொழுவென்று இருப்பதால் பலர் இந்தக் கடைசி டெஸ்டுக்கு வருவதே இல்லை. தொற்றிய குழந்தைகளில் பெரும்பாலோர் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள்.

மூத்த பெண் நன்றாக இருக்கிறாள் என்பது எனக்கு ஏன் போதவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அவள் பிறந்தபோதும் அம்மாவுக்குத் தொற்று இருந்தது, யாரும் தேடவில்லை. பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா மாநிலத்தில் 2010 முதல் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த கர்ப்பிணிகளுக்கு இந்த டெஸ்ட் எடுக்கும் திட்டம் இருப்பதால்தான் இந்த முறை தெரியவந்தது. 4 வயதில் அம்மாவின் ஆன்டிபாடி மிச்சமிருக்காது. ஆகவே அவளுக்கு ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, இரண்டு ஆன்டிபாடி டெஸ்ட் செய்தால் போதும், பதில் தெரிந்துவிடும். அவளுக்குத் தொற்று இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்துவிட்டாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இதற்கான மருந்து நன்றாகவும் வேலை செய்கிறது, பக்கவிளைவும் குறைவு. அடுத்தபடியாக உங்கள் மாமியார், மனைவியின் மற்ற உடன்பிறப்புகள். 50 வயதில் பேஸ்மேக்கர் வைத்த மாமனாருக்கு சாகஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பொலிவியக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு அந்த வயதில் இதயத் துடிப்புக் கோளாறு என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

மருந்து பென்ஸ்நிடசோல். பெரியவர்களுக்கு வழக்கமாக 60 நாள். கர்ப்பத்தில் கொடுப்பதில்லை, ஏனென்றால் கருவில் இருக்கும் குழந்தைக்கு அது பாதுகாப்பானது என்று உறுதியாகவில்லை. பல வருடமாக உள்ளே இருக்கும் நோய்க்கு இன்னும் சில மாதம் பொறுப்பதால் கெட்டுப்போவதும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுக்கும் காலத்தையும் பார்த்து, எப்போது தொடங்கலாம் என்று அங்குள்ள டாக்டர் முடிவு செய்வார். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சிகிச்சை முடித்த பெண்களுக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தைகளிடம் தொற்று மிக மிக அபூர்வம். மாத்திரை எடுக்கும்போது முதல் வாரங்களில் தோலில் தடிப்பும் அரிப்பும் வரலாம், பின்னால் கை கால் மரத்துப்போகலாம். வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த 60 நாளில் கருத்தரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும் வரை நிறுத்தினால் போதும்.

இப்போதே செய்ய வேண்டியது ஓர் இசிஜியும், முடிந்தால் எக்கோவும். இரண்டும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை. இசிஜியில் இதயத்தின் வலப்பக்க மின்கடத்தலில் தடை இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்ப்பார்கள், சாகஸ் இதயத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். இதயம் நன்றாகப் பாதிக்கப்பட்ட பிறகு பென்ஸ்நிடசோல் கொடுத்தால் ஒட்டுண்ணி குறைகிறது, ஆனால் இதய நோயின் போக்கு மாறவில்லை என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அவர் இளம் வயதில், தொந்தரவு எதுவும் இல்லாத கட்டத்தில் இதைக் கண்டுபிடித்தது அதனால்தான் பெரிய விஷயம்.

சிகிச்சைக்குப் பிறகு நடக்கப்போகும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்து முடிந்து ஒரு வருடம் கழித்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் மறுபடியும் பாசிட்டிவ்தான் வரும். மருந்து வீண் என்று அர்த்தமில்லை. ஒட்டுண்ணி போன பிறகும் பெரியவர்களுக்கு அந்த ஐஜிஜி மெதுவாக, 10, 20 வருடம் எடுத்துக்கொண்டு குறைகிறது. சிலருக்கு அதற்கும் மேல். குழந்தைகளுக்குச் சீக்கிரம் மறையும். நல்ல ஆய்வகத்தில், சிகிச்சைக்கு முன் எடுத்த சீரத்தை உறையவைத்திருந்து, புதிய சீரத்தோடு ஒரே தட்டில் ஒன்றாகப் பரிசோதிப்பார்கள். இறங்குகிறதா என்பதை அப்படித்தான் நம்பிச் சொல்ல முடியும். வேறு வேறு கிட்டில் வந்த எண்களை வீட்டில் உட்கார்ந்து ஒப்பிடாதீர்கள். பிசிஆர் மட்டும் சிகிச்சைக்குப் பிறகு பாசிட்டிவாக வந்தால் மருந்து பலிக்கவில்லை என்று உடனே தெரியும்.

உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மருமகள் தும்மினாலோ சமைத்தாலோ பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாலோ யாருக்கும் எதுவும் வராது. சாகஸ் ஊர்ஊராகப் பரவுவதற்கு வேண்டிய பூச்சிச் சங்கிலி நம் நாட்டில் இல்லை. எலி நடமாடும் பழைய கட்டடங்களில் டிரையடோமா ரூப்ரோஃபாசியாட்டா என்ற உறவுக்காரப் பூச்சி ஒன்று இங்கேயும் உண்டு. 1909-இல், அதாவது சாகஸ் பெரெனிசியைப் பார்த்த அதே வருடத்தில், சென்னையில் இருந்த சார்ல்ஸ் டோனோவன் அந்தப் பூச்சிக்குள் ஒரு ட்ரிபனோசோமாவைக் கண்டு எழுதினார். ஆனால் அது வேறு இனம், மனிதனுக்கு சாகஸ் நோய் தராது.

பயப்பட வேண்டியது பூச்சிக்கு அல்ல, ரத்ததானத்துக்கு. நம் ரத்த வங்கிகளில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் கட்டாயம் பரிசோதிக்கிறார்கள். சாகஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரில் சொந்தக்காரர் யாருக்காவது ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்று வந்தால், உங்கள் மனைவி நல்ல மனதோடு கை நீட்டிவிடக் கூடாது. சிகிச்சை முடித்த பிறகும் கூடாது. உங்கள் கொழுந்தியாளும் மூன்றாவது டெஸ்ட் தெளியும் வரை கொடுக்க வேண்டாம். எதிர்காலத்தில் எந்த நோய்க்காகவும் ஸ்டீராய்டு, கீமோதெரபி போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்குவதாக இருந்தால், எந்த ஊர் டாக்டரானாலும், 'எனக்கு சாகஸ் இருந்தது' என்று அவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடங்கிக் கிடப்பது அப்போது மீண்டும் தலைதூக்கும்.

மொட்டையும் காதுகுத்தும் தாராளமாக நடக்கட்டும். தேதியை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஆறாவது மாதத்தில் கிளம்பிச் சில மாதம் தங்கினால், 9, 10 மாத டெஸ்ட் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். சாகஸ் ஆன்டிபாடி கிட் இங்கே சாதாரண லேபில் கிடைக்காது. அதைப் படித்துச் சொல்லப் பழகியவர்களும் மிகக் குறைவு. ஒன்று, பத்தாம் மாத ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், 11-ஆம் மாதத்தில் மொட்டை போடலாம். இல்லை, முன்பே வந்துதான் ஆக வேண்டும் என்றால், திரும்பும் டிக்கெட்டைப் பத்தாம் மாதத்துக்குள் போட்டுக்கொண்டு, மருத்துவமனை அப்பாயின்ட்மென்டையும் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.